நார்த்தங்காய் ஊறுகாயும் பச்சை வளையலும்

கொழுந்தனார் மனைவி எழுந்த நாற்காலியில், அந்தச் சூடு ஆறுவதற்குள் என்னை உட்கார வைத்தார்கள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது: மறைத்து வைத்திருப்பதை நானே சொல்லிவிட்டால் என்ன?

அவளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. எனக்கு மூன்று மாதம் கழித்துக் கல்யாணமானவள். நான் கல்யாணமான கையோடு கணவருடன் ஜெர்மனிக்குப் போய்விட்டேன். இப்போது நான் மட்டும் விடுப்பில் திருச்செங்கோடு வந்திருந்தேன்.

"கெட்டியா உக்காரு சாமி. அடுத்தது உனக்குத்தான்" என்று பெரியத்தை என் கையில் பச்சை வளையலை ஏற்றினார்.

"ஊறுகா கேட்டப்பவே நெனச்சமுங்க, ஏமாத்திப்போட்டா!" என்றார் எதிர்வீட்டு அக்கா. பந்தல் முழுக்கச் சிரிப்பு.

கன்னத்துச் சந்தனம் காய்ந்து இழுத்தது. கண்ணை மூடினேன். பந்தலுக்குள் ஜெர்மனிப் பனி பெய்தது; வளையல்கள்மேல், பெரியத்தையின் நரைமேல், சத்தமில்லாமல். அப்படியொரு பனி நாளில்தான் நாக்கு செத்துப்போய், வீடியோ காலில் அத்தையிடம், என் மாமியாரிடம், நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். மசக்கை என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. பார்சலில் ஊறுகாயோடு குங்குமப்பூவும் வந்தது. "அதெல்லாம் இல்லீங்கத்தை" என்றதும் திரையில் அத்தையின் முகம் அப்படியே நின்றது. நெட்வொர்க் என்று நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

இங்கே யாருக்கும் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. சாயப்பட்டறைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் படிப்புக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடம். அதுவரை குழந்தை வேண்டாமென்று நாங்கள் இருவரும் பேசி முடித்தது. "அம்மா கேட்டா சிரிச்சு வச்சிரு" என்பதுதான் கணவர் சொல்லிக்கொடுத்த வழி. ஒரு வருடமாகச் சிரித்துத் தாடை வலிக்கிறது.

பந்தி முடிந்து பாத்திரம் ஒதுக்கும்போது அத்தை மெல்லச் சொன்னார்: "நாளைக்கு சேலம் அஸ்தம்பட்டி டாக்டரம்மாகிட்ட டோக்கன் போட்டுட்டன் கண்ணு."

"எனக்கு ஒண்ணுமில்லீங்கத்தை."

"எனக்குத் தெரியாதா? கேக்கறவங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது? கோயிலுக்குப் போனா கேக்கறாங்க, பால் ஊத்தறவரு கேக்கறாரு. பதிலே இல்லாம நிக்கறன் சாமி."

வளையலை மேலே தள்ளிக்கொண்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தேன். அத்தைக்கு வேண்டியது ஒரு பதில். அது என் பெட்டியில், துணிகளுக்கு அடியில், மடித்த சேர்க்கைக் கடிதமாகக் கிடக்கிறது. நாங்கள்தான் அவருக்குக் கொடுக்கவில்லை.

காலையில் சேலம் பஸ். அத்தைக்கு ஜன்னலோரம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரப் போகிறேன். குமாரபாளையத்து சாயத் தண்ணீர் அவருக்கும் தெரியும், அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம். சங்ககிரி மலை தெரிவதற்குள் கடிதத்தைப் பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் மறுபடியும் சிரித்துவைப்பேன்.