சுக்கு அறையில் காய்ந்த பியானோ

“…சுக்குப் பொடிதானே அச்சோ, தும்மல் வரும், போகும். அதுக்காகக் கடலை விட்டுட்டு வேற வாசிக்கணுமா?”

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தேவாலயக் கூடத்தில், எல்லோரும் ‘அச்சன்’ என்று கூப்பிடும் பாதிரியாரிடம் டீச்சர் இப்படிக் கேட்டபோது ஆட்கள் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். எழுபதுகளின் கடைசி, ஆடி மழை.

டீச்சர், தூத்துக்குடியிலிருந்து துறைமுக வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பார். காயல் கடலில் சேரும் அழிமுகத்தில் கடல் ஏறிவருவதைப் பார்த்துப் பார்த்துத் தாமே ‘கடல்’ என்று ஒரு இசையை அமைத்திருந்தார். இடது கை அடியில் உருண்டுகொண்டே இருக்கும், வலது கை மேலே நுரையாய்ச் சிதறும். வேறு யார் விரலுக்கும் அது வசப்படாது. அன்று பம்பாய் இசைப்பள்ளி ஒன்றிலிருந்து ஒருவர் அதைக் கேட்க வருகிறார். பிடித்தால் டீச்சருக்கு அங்கே வேலை. வந்தவர் மறுநாளே ரயிலேறிவிடுவார்.

மழைக்காலத்தில் பியானோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவது வழக்கம். மரம் ஈரம் குடிக்காது. அந்த வாரம் கரண்ட் போனதில் கட்டைகள் ஊதி, அழுத்தினால் எழவே இல்லை. நான் வேலை பார்த்த சுக்குக் கிடங்கின் சுமைக்காரச் சேட்டன்தான் வழி சொன்னார். “மழையிலயும் உணங்கின இடம் நம்ம சுக்கு அறைதான் டீச்சரே. கரியடுப்பு எரியுதில்லே, அங்கே கிடக்கட்டே.”

தார்ப்பாய் போட்டுக் கைவண்டியில் இழுத்துப்போனோம். கட்டைகள் நன்றாகவே காய்ந்தன. ஆனால் சுக்குக்குச் சுண்ணாம்பு பூசுகிற அறை அது. காற்றாடட்டும் என்று மூடியைத் திறந்து வைத்திருந்தார் சேட்டன். சுக்கும் சுண்ணாம்பும் கலந்த வெள்ளைப் பொடி முழுக்க உள்ளே இறங்கிவிட்டது. கூடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து டீச்சர் ஒரு ஓட்டு ஓட்டியதும் பாதிரியாருக்கு அடுக்குத் தும்மல். இடப்பக்கத்து அடிக்கட்டைகள் சில பொடி அடைத்துச் சோம்பி எழுந்தன.

“மெல்ல ஒரு ஞானப்பாட்டு மதி, மோளே. அது போதும். கடல் பின்னே ஆகட்டும்,” என்று அவர் சொன்னதற்குத்தான் டீச்சரின் அந்தக் கேள்வி.

“நனஞ்ஞிறங்ஙியா குளிச்சு கேறணும், அச்சோ,” என்றார் சேட்டன். நனைந்து இறங்கியவன் குளித்துத்தான் கரையேற வேண்டுமாம். என் அம்மாவும் இது மாதிரி, ‘அலை ஓய்ஞ்ச பிறகா தலை முழுகப்போறே?’ என்பாள். இரண்டு பாஷைக்காரர்களும் தைரியத்தைத் தண்ணீரில்தான் படித்திருக்கிறார்கள் போல.

“நீ பேசாதே. மூடியைத் திறந்தது நீ,” என்றார் பாதிரியார். பிறகு டீச்சரிடம், “வர்றவர் தும்மினா?”

“தும்மட்டும். கடக்காத்துன்னு நினைச்சுக்குவார்.”

“அடிக்கட்டை எழாட்டி?”

“எழற வரைக்கும் அடிக்கிறேன்.”

வாசலில் பம்பாய்க்காரர் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் பியானோ மேலிருந்த ஞானப்பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாதிரியார் கையில் கொடுத்தார். முந்தானையை இடுப்பில் செருகி, முக்காலியை அந்தச் சோம்பேறிக் கட்டைகள் பக்கமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, இடது கையை முதலில் இறக்கினார்.