நீதவான் சுருக்கிய வாக்குமூலம்

என் அகதித் தஞ்ச விசாரணையின் பதினொரு பக்க வாக்குமூலம் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் தன் கையால் எழுதிய மூன்று வரிகள். அவற்றால்தான் நான் இந்த நாட்டில் இருக்கிறேன். எழுதியவர் போன மாதம் காலமானார். பிராங்பேர்ட்டில் நடந்த இறுதிச் சடங்கில் எல்லோரும் அவரை நீதவான் என்றே சொன்னார்கள்.

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாகத் தொடங்கி, நீதவானாக உயர்ந்து, சண்டையில் எல்லாம் இழந்து, ஐம்பது வயதில் இங்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவியவர். மொழிபெயர்ப்பாளரானது அதற்குப் பிறகு. இதெல்லாம் விசாரணையன்று எனக்குத் தெரியாது.

அன்று நான் அழுது, குழறி, முன்னுக்குப் பின் மாற்றிச் சொன்னேன். அவர் ஒவ்வொரு பதிலையும் பொறுமையாகக் கேட்டு, நறுக்கென்று நாலு வசனத்தில் ஜெர்மன் மொழியில் அதிகாரிக்குச் சொல்லி முடித்தார். எங்கள் ஊர் நீதிமன்றங்களில் சாட்சி புலம்புவதை நீதவான் தன் சொற்களில் சுருக்கி எழுத்தரிடம் சொல்வது வழமை. அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. முடிவில் பதிவான வாக்குமூலம் முழுவதையும் எனக்குத் தமிழில் திருப்பி வாசித்தார்.

"அண்ணை, என்னை ரெண்டாம் தரமும் பிடிச்சுக்கொண்டு போனதைச் சொன்னனான். அது இதில இல்லை."

அந்த இரண்டாவது கைதுக்குப் பிறகுதான் நான் ஊரை விட்டு ஓடினேன். அது இல்லையென்றால் என் மனுவில் ஒன்றுமே இல்லை. கடைசியில் சேர்த்தால் கட்டுக்கதை என்பார்கள். "பரவாயில்லை, கையெழுத்து வையுங்கோ" என்று அவர் சொல்லியிருந்தால், பாவி நான் வைத்திருப்பேன். அவரோ அதிகாரியிடம் திரும்பி, இவர் சொன்னார், விட்டது நான், என்று சொல்லி அதையே கடைசிப் பக்கத்தில் மூன்று வரியாக எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். அந்த அலுவலகம் அவரைப் பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை.

வதிவிட அனுமதி கிடைத்ததும் நன்றி சொல்ல அவருடைய வீட்டுக்குப் போனேன். நன்றி சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. தேநீரைக் குடிக்காமல் யன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

"நான் ஊரில பதினாலு வருசம் நீதவானாய் இருந்தனான், பிள்ளை. எத்தினை பேற்றை சாட்சியத்தைச் சுருக்கியிருப்பன். அது இதில இல்லையெண்டு ஒருத்தரும் என்னட்டைச் சொன்னதில்லை."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அப்ப எல்லாம் சரியாத்தானே இருந்திருக்கும், ஐயா" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லை. நான் நீதவான் எண்டு அவையளுக்குத் தெரியும். அண்டைக்கு உங்களுக்குத் தெரியாது."