மழையை மீறிக் கத்திய பாடம்

நனைந்த சாக்கின் வாசம் இன்றைக்கும் என்னைத் தேயிலை மலைகள் சூழ்ந்த பொகவந்தலாவையில் கொண்டுபோய் விட்டுவிடும். இப்போது இல்லாத எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில், தகரக்கூரை மழையை மீறி, “ஐ ஆம் கோல்ட், வீ ஆர் கோல்ட், வீ வான்ட் டு கோ” என்று, ‘குளிருது, போகணும்’ என்கிற ஆங்கிலப் பாடத்தை நாங்கள் கத்துவதை, மேலே மலைச்சரிவில், மழைக்கு இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக் கொழுந்து பறிக்கும் அம்மாக்கள் சிரித்தபடி திருப்பிச் சொல்வார்கள்.

ஒருநாள் அடைமழையிலும், வேலை வாங்கும் கங்காணி, “இன்னும் ரெண்டு நிரை இருக்கு” என்று அவர்களை விடவில்லை. குடையோடு வந்த தோட்ட நிர்வாகியான தொரையிடம் என் அம்மா, “வீ ஆர் கோல்ட், சார். வீ வான்ட் டு கோ” என்றாள். திகைத்த தொரை, போகச் சொல்லிக் கையசைத்தார்.

இறங்கி வந்தவள் எங்கள் வகுப்பு ஜன்னலில் எட்டிப்பார்த்தாள்.

“நல்லாச் சத்தமாப் படிங்க புள்ளைகளா, நாளைக்கும் மழ வரும்போல இருக்கு.”