பரஞ்சோதி எடுத்த வீட்டு விவரம்

கரங்கானுக்குப் போகும் சாலையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறு பட்டணத்தில், நகர அலுவலகத்தில் வீட்டு வரிக் கணக்கு எழுதும் கிராணியாகப் பரஞ்சோதி இருந்தார். ஜப்பான்காரர்கள் வந்த மறுவருஷம் மாநில அரசாங்கம் பட்டணத்துக்குக் கொடுத்துவந்த உதவித்தொகை நின்றுபோனது. சாக்கடை அள்ளுகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை. வரியோ சண்டைக்கு முந்தைய வாடகையை வைத்துப் போட்டது. கட்டாதவர்களின் பண்டபாத்திரங்களை ஜப்தி செய்ய, பரஞ்சோதியே கூடப் போகவேண்டியிருந்தது. அந்த நாட்களில் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் பெரிய கிராணி ஜபருல்லாவிடம் போனார்.

"வாடகைய வச்சு வரி போடறது இப்ப சரிவராதுண்ணே. வீட்டுல யார் யாருக்கு வேலை இருக்குன்னு பாத்துப் போடலாம். கொறையறத மேலேர்ந்து உதவியா கேப்போம்."

"கேக்கலாம்லா," என்றார் ஜபருல்லா. "வெறும் வாயால சொன்னா நம்ம ஜப்பான் அதிகாரி, துவான், கேக்கமாட்டாரு. வீடு வீடா விவரம் எடுத்துட்டு வா."

பரஞ்சோதி ஆறு வாரம் வெயிலில் அலைந்தார். வேலையில்லாத ஆண்களின் பெயரையும் வயதையும் தனியாகக் குறித்தார். அவர்கள் அதிகமிருந்தால் அந்த வீட்டுக்கு வரி குறையவேண்டும் என்பது அவர் யோசனை.

பின்சந்தில் இராசாத்திக்குச் சொந்தமாக ஒரு பலகை வீடு இருந்தது. விதவை. ஒரே மகன் அழகேசன்.

"மகனுக்கு வேலை இருக்கா அக்கா?"

அவள் தயங்கினாள். "இல்ல தம்பி. சும்மாதான் இருக்கான்."

அழகேசன் விறகுக் கடையில் மரம் பிளப்பதைப் பரஞ்சோதி அன்று காலையில்தான் பார்த்திருந்தார். முற்றத்தில் மரவள்ளித் துண்டுகள் காய்ந்தன. வீட்டில் அரிசி இல்லை என்று தெரிந்தது. அவர் 'வேலையில்லை' என்றே எழுதினார். வேறு சில வீடுகளுக்கும் அப்படியே எழுதினார்.

அறிக்கை மேலே போனது. ஜூன் மாதம் வரி பாதியாகக் குறைந்தது. உதவித்தொகையும் கொஞ்சம் வந்தது. பரஞ்சோதி அன்று சந்தோஷமாக இருந்தார்.

அதே வாரம் இரண்டு லாரிகள் வந்தன. ஜப்பான்காரர்கள் சயாம் காட்டில் போட்ட ரயில் பாதைக்குக் கட்டாய வேலைக்கு ஆள் பிடித்தார்கள். சிப்பாய் படித்த பெயர்கள், பரஞ்சோதி சந்துசந்தாக எழுதிய அதே வரிசையில் வந்தன. மூன்றாவது பெயரிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஜப்பான் அதிகாரியிடம் ஓடினார்.

"துவான், அழகேசன் வேலை செய்யறவன். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"அப்ப உன் அறிக்கை பொய்யா?"

பொய் என்றால் குறைந்த வரி மறுபடி ஏறும். அவர் தலையும் போகலாம். "அவன் விஷயத்துல பொய்தான்," என்றார். கன்னத்தில் அறை விழுந்தது. ஜபருல்லா அவரை இழுத்துக்கொண்டு போனார். லாரி புறப்பட்டது.

இரண்டு நாள் கழித்து இராசாத்தி வீட்டுக்குப் போனார்.

"நான் அப்படி எழுதியிருக்கக்கூடாது அக்கா."

"நான் சொன்னததானே எழுதின." பிறகு அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவன் விறகுக் கடைக்குப் போறது உனக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சண்டை முடிந்து திரும்பி வந்தவர்களில் அழகேசன் இல்லை. முகாமில் வாந்திபேதியில் போய்விட்டான் என்று கூட இருந்த ஒருவன் சொன்னான். இராசாத்தி வீட்டை விற்றுவிட்டு, பாடாங் மேஹா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனாள்.

திரும்பி வந்த வெள்ளைக்காரத் துரை பழைய அறிக்கையைப் பார்த்து மெச்சினார். புதிதாக ஒன்று தயாரிக்கச் சொன்னார். பரஞ்சோதி மறுபடி வீடு வீடாகப் போனார். அறைகளை மட்டும் எண்ணினார். பெயர்கள் எங்கே என்று துரை கேட்டபோது, வரிக்கு அது தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.