திப்பியில் ஓடிய பஸ்

எந்தத் தொழிலிலும் ஒரு நாற்றம் உண்டு. வயல் கழிவிலிருந்து ஸ்பிரிட் இறக்கும் என் தொழிலில் நாற்றத்தோடு ஊராரின் சந்தேகமும் சேர்ந்து வந்தது. யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். மற்ற பஸ்களெல்லாம் கரிவாயுவில் ஓடுவதற்காக முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே போயின. ராசிபுரத்தில் என் பஸ் முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. "நீ ரசாயனம் படிச்சவன்தானே? வீணாப் போறதைக் காய்ச்சி வண்டியை ஓட்டு" என்றார். முதலாளி ஒரு வார்த்தை சொல்லிவிட, அதை வருஷக்கணக்கில் சுமந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். மாகாணத்திலேயே முதலில் மதுவிலக்கு வந்த ஜில்லா எங்களுடையது என்பதை அவர் யோசிக்கவில்லை. நானும்தான்.

வீண் தேடிய கதை

சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய், வீணாகப் போவது என்ன இருக்கிறது என்று கேட்டேன். சோளத்தட்டு மாட்டுக்கு. கடலைக்கொடியும் மாட்டுக்கு. பருத்திமார் அடுப்புக்கு. கரும்புச் சக்கை வெல்லம் காய்ச்சும் உலைக்கு. நான்கு நாள் அலைந்தும் ஒரு பிடி வீண் கிடைக்கவில்லை. கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஊட்டுல வீணாப் போறதுன்னா, உங்ககூடப் பேசிக்கிட்டு நிக்கிற இந்த நேரந்தானுங்க."

தொட்டியில் காது

கடைசியில் கைகொடுத்தது மரவள்ளி. கிழங்கை அரைத்து மாவெடுக்கும் கொட்டகைகள் அப்போதுதான் தலையெடுத்திருந்தன. மாவு போக மிஞ்சும் நார்ச்சக்கைக்குத் திப்பி என்று பெயர். மாடு தின்றது போக மலை மலையாகக் கிடந்து நாறியது. அதை வேகவைத்து, திராவகம் விட்டு, புளிக்கவைத்து வடித்தால் ஸ்பிரிட். புத்தகத்தில் அவ்வளவுதான். என் தொட்டிகளோ இரண்டு முறை காடியாகிப் போயின.

கள்ளுக்கடை மூடியதிலிருந்து வேலையில்லாமல் இருந்த நாச்சிமுத்துவை அப்போதுதான் சேர்த்துக்கொண்டேன். என் வயதுக்காரர். தொட்டியின் பலகையில் காதை வைத்து, உள்ளே நுரை வெடிக்கும் சத்தத்தைக் கேட்டு, "இன்னிக்கு எடுத்துருங்க" என்பார். நான் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் கருவியை மிதக்கவிட்டு, நாளைக்குத்தான் என்பேன். மறுநாள் காடியாகி நாறும். ஒருமுறை அவர் சொன்ன நாளிலேயே எடுத்துப் பார்த்தேன். தெளிந்த ஸ்பிரிட் இறங்கியது. எனக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகம். அவர் ஆறுதலாகச் சொன்னார்: "உங்க கண்ணாடியும் இதையேதானுங்க சொல்லுது. என்ன, ஒரு நாள் பிந்திச் சொல்லுது."

வண்டி வைத்திருப்பவர்

யாரும் குடித்துவிடக் கூடாதென்று, ஸ்பிரிட்டில் குமட்டும் மருந்து ஒன்றைக் கலக்கச் சர்க்கார் உத்தரவு. அப்படியும் ஒருவர், மேச்சேரியிலிருந்து நடந்தே வந்ததாகச் சொல்லி, இடுப்பில் பாட்டிலோடு நின்றார். தன் வண்டிக்குக் கொஞ்சம் வேண்டுமாம். என்ன வண்டி என்றேன். கட்டை வண்டி என்றார். மாட்டு வண்டிக்கு எதற்கு ஸ்பிரிட் என்று கேட்டேன். சிறிதும் அசரவில்லை: "மாட்டுக்கு இல்லீங்க, ஓட்டறவனுக்கு."

நிறைந்த டின்

உரிமம் தருவதற்கு முன் மதுவிலக்கு அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார். ராசிபுரத்திலிருந்து செவ்வாய்ப்பேட்டை வரை பஸ் எங்கள் ஸ்பிரிட்டில் ஓட வேண்டும். நடுவழியில் நின்றால் நாங்கள் காய்ச்சும் கொட்டகைக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டார். பூட்டினால் நான் வேறு வேலை தேடிக்கொள்வேன். நாச்சிமுத்துவுக்கு அது இரண்டாவது பூட்டு.

பூஜை போட்டு, டின்னிலிருந்த ஸ்பிரிட்டை ஊற்றிக் கிளம்பினோம். இரண்டு மைல் போனதும் இன்ஜின் விக்கியது, விம்மியது, நின்றுவிட்டது. வாய்க்கு வந்தபடி டிரைவரை ஏசினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி நோட்டைத் திறந்தார். பின்சீட்டிலிருந்து நாச்சிமுத்து எழுந்து வந்தார். "அவரைப் பேசாதீங்க. டின்னு நாலு விரக்கடை கொறையா இருந்துச்சு. சாமி முன்னால கொறைப் பாத்திரம் வெக்கக் கூடாதுன்னு நாந்தான் கெணத்துத் தண்ணி ஊத்தி நெறைச்சேன்" என்றார். எண்ணெயாக இருந்தால் தண்ணீர் அடியில் தனியே நின்று காட்டிக்கொடுத்திருக்கும். ஸ்பிரிட்டில் அது இருக்கிற இடமே தெரியாமல் கலந்துவிடும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அதிகாரி நோட்டை மூடினார். "மதுவிலக்குக்கு முன்னால, சரக்கில தண்ணி கலந்தவங்களைப் பிடிக்கிறதுதான் என் உத்தியோகம். தானா வந்து சொன்னவரை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். வேற டின் இருக்கா?" என்றார். நாச்சிமுத்து எதிரே வந்த சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் பறந்து, வேறு டின்னோடு திரும்பினார். பழையதை வடித்துவிட்டுப் புதிய டின்னை ஊற்றினோம். பஸ் எங்கும் நிற்காமல் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் போய் நின்றது. மூட்டை இறக்க வந்த கூலிக்காரர் ஒருவர் புகைக்குழாயருகே குனிந்து மோந்து பார்த்துவிட்டு, அதிகாரி யாரென்று தெரியாமல் அவரிடமே கேட்டார்: "ஏனுங்க, இந்த பஸ்ஸு எந்த ஊருல குடிச்சுப்போட்டு வருது?"

அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்ட அந்த உரிமத்தில் என் ரசாயனத்துக்கு எவ்வளவு பங்கு, நாச்சிமுத்து ஊற்றிய தண்ணீருக்கு எவ்வளவு பங்கு என்று முதலாளி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.