முகம் தேடியவர்

ரப்பர் விலை விழுந்து, மலாயாவில் சிகாமட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். எங்கள் தோட்டச் சங்கத் தேர்தலில் கங்காணியை எதிர்த்து யாரைத் தலைவராக நிறுத்துவது என்று எங்கள் அணி ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் கூடியது. கணக்கெழுதும் கிராணிக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் துரையைக் கண்டாலே நடுங்குவார். எங்களை வேலை வாங்கும் தண்டலுக்கு ஓட்டு விழும். ஆனால் கங்காணியின் மச்சான். வேறு யாரும் தேறவில்லை.

எங்களோடு பால்மரம் சீவும் ஒருவர், ஒல்லியான நெட்டை மனிதர், வழக்கம்போல விரலில் காய்ந்த பாலை உரித்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னையப் போடுங்க" என்றார்.

"உங்களத்தான் அடுத்த கப்பல்ல அனுப்புறாங்களே!" என்றேன்.

"அதனாலதாங்க. தலைவருக்கு நிக்கிறவன தொரை எப்படியும் வெளியேத்திடுவாரு. போறவன் நானே நின்னு ஜெயிச்சுட்டுப் போறேன். அப்புறம் துணைத்தலைவர்தான் தலைவர். அதுக்கு நல்ல ஆளாப் பாருங்க."

உருட்டிய பாலைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"யாருன்னு இப்பவே சொல்லிடுங்க. அந்த முகத்தப் பாத்துட்டுக் கப்பலேறுறேன்."

தான் சீவ இனி ஒரு மரமும் இல்லாத தோட்டத்தின் மேல் அவருக்கு அப்படி என்ன பிடிப்போ, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லா முகமும் குனிந்தே இருந்தது.