கிராணியைச் சபித்தவர்கள்

அந்தத் தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பான நான்கு மாதமும் காலை பத்து மணிக்கு நான் எதிர்வீட்டுக்குப் போய் வந்தேன். பினாங்கின் கெலுகோரில் எங்கள் அடுக்ககத்தின் ஏழாம் மாடியில் என் வாசலும் அக்காவின் வாசலும் ஒன்றையொன்று பார்த்திருக்கும். அக்கா எனக்கு உறவில்லை. எண்பத்திரண்டு வயது, தொழிற்சாலை உணவகமொன்றில் முப்பது ஆண்டு சமைத்து ஓய்ந்தவர். நான் அவரினும் ஏழாண்டு இளையவன். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்ந்தவன். மனைவி இறந்தபின் நான் தனியன் ஆனேன். அவரும் தனியாகவே இருந்தார். ஞாயிறுதோறும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து அவருடைய மகள் வருவாள்; மகன் எப்போதாவது வருவான்.

தொடர் சப்பானியர் காலத்தைப் பற்றியது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாமுக்குக் கொண்டுபோய்த் தண்டவாளம் போடவைத்த கதை. மாலையில் அவரவர் வீட்டில் பார்ப்போம். மறுநாள், தொடரின் இணையப் பக்கத்தில் பார்வையாளர்கள் எழுதியவற்றை என் கைப்பேசியில் அக்காவுக்குப் படித்துக் காட்டுவேன். கண்புரை அறுத்த பிறகும் அவருக்குச் சிறிய எழுத்துகள் தெரியவில்லை. பெரும்பாலோர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியதால் தெரிந்தாலும் பயனில்லை. நான் அவற்றை மனத்துக்குள் தமிழாக்கி, சிதைந்த சொற்களைச் செப்பனிட்டுப் படிப்பேன். அக்காவுக்கு அது பிடிக்காது.

"நீங்க படிச்சா தேவாரம் ஓதுற மாதிரி இருக்கு தம்பி. அவங்க எழுதுன மாதிரியே படிங்கலா. திட்டுனா திட்டுங்க."

"பிழையோடு எப்படி அக்கா படிப்பது?"

"வாயாலதான்."

முதல் சில வாரங்களில் எழுதப்பட்டவை பெரும்பாலும் கதாநாயகனைப் பற்றியவை. அவன் சாகக்கூடாது என்று இயக்குநரிடம் இறைஞ்சியிருந்தார்கள். நாயகி உடுத்திய கைத்தறிச் சேலை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள். இடையிடையே ஒருவர், 'எங்க தாத்தாவும் போனாரு, வரல' என்று ஒரே வரி எழுதியிருப்பார். அக்கா அத்தகைய வரிகளை இரண்டாம் முறை படிக்கச் சொல்வார். எந்தத் தோட்டம் என்று எழுதியிருக்கிறதா எனக் கேட்பார். பெரும்பாலும் எழுதியிராது.

மூன்றாம் கிழமையில் கிராணி வந்தார். தோட்ட அலுவலகத்தின் எழுத்தரைத்தான் இங்கே கிராணி என்பது வழக்கம். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுப்புக்காக, தொழிலாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். மணமாகாதவர்களை முதலில் அனுப்பவேண்டும் என்று சப்பானிய அதிகாரி ஆணையிடுகிறான். கிராணி பதிவேட்டைத் திறந்து பெயர்களை எழுதுகிறார். தனக்கு மனைவி இருக்கிறாள் என்று ஒருவன் கதறுகிறான். கிராணி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "புத்தகத்தில் இல்லை" என்கிறார்.

மறுநாட் காலையில் பின்னூட்டங்கள் பொங்கியிருந்தன. அக்கா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார், நான் படித்தேன். 'இந்தக் கிராணிய அதே ரயில்ல கட்டி இழுக்கணும்.' 'கிராணி எப்ப சாவான், வெயிட்டிங்.' 'அண்ணே நடிப்பு சூப்பர், ஆனா பட்டர்வொர்த் பக்கம் வந்துறாதீங்க, அடி விழும்.'

அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"எங்கம்மா இதைத்தான் சொல்லும் தம்பி. சாகுற வரைக்கும் சொல்லுச்சு. கோயில்ல வச்சுத் தாலி கட்டி ரெண்டு மாசம். நான் வயித்துல இருக்கேன். டவுனுக்குப் போய் யாரு பதியுறது அந்தக் காலத்துல? மாரியாத்தா பாத்துச்சு, ஊரு பாத்துச்சு, போதாதா? அம்மா தாலியத் தூக்கிக் காட்டிக்கிட்டு கிராணி முன்னால போய் நின்னுச்சாம். அந்தாளு நிமிர்ந்துகூடப் பாக்கலையாம். புத்தகத்துல இல்லைன்னாராம்."

"எந்தத் தோட்டம் அக்கா?"

கெடாவில் இருந்த ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னார். ஆறாண்டு அண்டைவீட்டுப் பழக்கத்தில் அன்றுதான் அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து கேட்டேன். என் கண் கைப்பேசியில் இருந்தது. அடுத்த பின்னூட்டத்தைப் படித்தேன்: 'இந்த ஆளுக்கெல்லாம் வீட்டுல யாருப்பா சோறு போடுறது?'

என் தாய் போட்டார். அக்காலத்தில் அந்தத் தோட்டத்தின் கிராணி என் தந்தை.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்து வேலைக்கென்று வந்தவர். போருக்குப் பின் பினாங்கில் துறைமுக அலுவலகமொன்றில் சேர்ந்தார். அக்கா உட்பட எல்லாரிடமும் அந்த வேலையை மட்டுமே நான் சொல்லிவந்தேன். சான்றில்லாத எதையும் எழுதாதவர் என்று அவருக்குப் பெயர். உறவினர் ஒருவரின் வயதை ஓராண்டு கூட்டிப் பதியச் சொன்னபோது மறுத்து, அந்தக் குடும்பத்தின் பகையைச் சாகும்வரை சுமந்தார். அந்த நேர்மையை நான் வியந்து வளர்ந்தேன். மஞ்சட்கயிறு கழுத்தில் கிடக்க ஒரு பெண் முன்னால் நிற்கையில், பதிவுத்தாள் இல்லை என்பதால் அவளுடைய கணவனை மணமாகாதவன் என்று எழுதவும் அதே நேர்மை போதுமாயிருந்தது.

இவ்வளவையும் நான் ஊகித்துச் சொல்லவில்லை. தந்தை இறந்த ஆண்டில் அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தபோது அந்தப் பட்டியலின் நகல் ஒன்று கிடைத்தது. அவருடைய சாய்ந்த கையெழுத்து. ஒவ்வொரு வரியிலும் ஆளின் பெயர், அவனுடைய தந்தையின் பெயர், தமிழ்நாட்டில் அவன் பிறந்த ஊர், வயது; கடைசிக் கட்டத்தில் மணமாகாதவன் என்ற குறிப்பு. கீழே தந்தையின் ஒப்பம். அது சயாமுக்குப் போனவர்களின் பட்டியல் என்பது தலைப்பிலேயே இருந்தது. அன்று மாலையே கொல்லையில் ஒரு பிசுக்கோத்துத் தகரத்துக்குள் வைத்து அதை எரித்தேன். என் மனைவிக்கும் சொல்லவில்லை.

அக்கா தோட்டத்தின் பெயரைச் சொன்னதற்கு மறுநாள் முதல் கிராணியைப் பற்றிய பின்னூட்டங்களைத் தாண்டிப் படித்தேன். ஒரு கிழமை போவதற்குள் அக்கா பிடித்துவிட்டார்.

"என்ன தம்பி, கிராணிய யாருமே திட்டலையா? சனங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"குறைந்துவிட்டது அக்கா."

"குறையாதே. நேத்து அவ்வளவு அநியாயம் பண்ணானே. நானே நாலு திட்டுத் திட்டுனேன், டிவி கேட்டுச்சு."

பிறகு ஒரு நாள், தாமும் ஒன்று எழுதவேண்டும் என்றார். அவர் சொல்ல நான் எழுத வேண்டும். ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தந்தையின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொன்னார். "எங்கப்பா சயாமுக்குப் போனாரு. நான் அப்ப பொறக்கல. எங்கப்பாவோட அப்பா பேரு எனக்குத் தெரியாது. ஊரும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியல, ரெண்டு மாசத்துல என்னத்தக் கேட்டு வச்சிருக்கும்? வருசா வருசம் அமாவாசைக்கு என் மகன் எள்ளுந்தண்ணியும் விடுறப்ப, அம்மா வழித் தாத்தா பேரு, அவருக்கு அப்பா பேருன்னு ஐயர் கேக்குறாரு. என் மகன் வாயை மூடிக்கிட்டு நிக்குறான். அந்தத் தோட்டத்து ஆளுங்க யாராச்சும் இருந்தா, கிராணி வீட்டு ஆளுங்க இருந்தாலும் பரவால்ல, சொல்லுங்க. நான் சண்டைக்கு வரல."

எழுதி முடித்தேன். அவர் கேட்டபடி ஒரு சொல்லையும் திருத்தவில்லை. அனுப்பவுமில்லை.

"போட்டாச்சா?"

"போட்டாயிற்று."

அதன்பின் ஒவ்வொரு காலையும் நான் உட்காருமுன்பே, "ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்பார். இல்லை என்பேன். முதலில் இந்தப் பொய்யைக் கைப்பேசியைப் பார்த்தபடிதான் சொன்னேன். பத்தாம் நாளுக்குப் பின் எளிதாக வந்தது. அந்த எளிமையை இப்போது நினைக்கையில்தான் எனக்கு அச்சமாயிருக்கிறது. அவர் கேட்ட பெயரை நான் ஒருமுறை என் கண்ணால் கடந்திருக்கிறேன். எந்த வரியிலும் நிற்காமல், எரிப்பதற்குமுன் ஒருவன் பார்க்கும் பார்வையாகப் பார்த்தேன். இரவும் பகலும் முயன்றும் ஓர் எழுத்தும் மீளவில்லை.

இறுதிப் பகுதி ஒரு வெள்ளிக்கிழமை ஒளிபரப்பானது. போர் முடிந்து திரும்பிய தொழிலாளர்கள் கிராணியை இரப்பர்க் காட்டுக்குள் துரத்திச் சென்று அடித்துக் கொல்கிறார்கள். மறுநாட் காலை பின்னூட்டங்களில் திருவிழா. பட்டாசுப் படங்களும் கைதட்டும் படங்களும். 'இன்னைக்குத்தான் நிம்மதியா தூங்குவேன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவற்றை மட்டும் ஒன்றுவிடாமல் படித்தேன்.

அக்கா அவ்வளவாகக் கேட்கவில்லை. "நாளைக்கு மக வரா. அவ போன்ல தேடச் சொல்லணும். நம்ம எழுதுனது எங்கயாச்சும் அடியில போயிருக்கும். உங்களுக்கும் வயசாச்சுல்ல தம்பி, கண்ணுல படாம இருந்திருக்கும்" என்றார்.

என் கண்ணின் மேல் பழியைப் போட்டு என்னைக் காத்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அதை நான் அனுப்பவில்லை. அந்தக் கிராணி என் தகப்பனார்."

"எந்தக் கிராணி? நாடகத்துல நடிக்கிற ஆளா? அவன் சின்னப் பையனாச்சே."

"இல்லை அக்கா. உங்கள் தோட்டத்தில் இருந்தவர்."

ஏச்சு வரும் என்று எதிர்பார்த்தேன். நான்கு மாதம் படித்த ஏச்சுகளெல்லாம் என் தலையில் வரிசையாக நின்றன. ஆனால் அவர் முகம் மலர்ந்தது. அதைக் கண்டதைவிடப் பெரிய தண்டனை எனக்கு இனி இல்லை.

"அப்ப பேரு எழுதுன தாளு இருக்கணுமே! கிராணிங்க எல்லாத்தையும் எழுதி வைப்பாங்களே. உங்கப்பா வச்சிருந்தாரா?"

"வைத்திருந்தார்."

"தாத்தா பேரு இருந்துச்சா அதுல? ஊரு?"

"எல்லாருக்கும் இருந்தது."

"கொண்டாங்க தம்பி. நான் உங்கப்பாவ ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன்."

"எரித்துவிட்டேன் அக்கா. முப்பது ஆண்டுக்கு முன்பே."

"ஏன்?"

"அப்பாவின் பெயர் கெடக்கூடாது என்று."

அவர் குரலை உயர்த்தவில்லை. "எந்த அப்பாவோட பேரு?" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். தாத்தாவின் பெயர் எந்த எழுத்தில் தொடங்கியது? சிறிய பெயரா, நீண்ட பெயரா? தஞ்சாவூர்ப் பக்கமா, சேலத்துப் பக்கமா? அப்பாவுக்கு என்ன வயது போட்டிருந்தது, அதையாவது? எனக்குக் கட்டங்கள் நினைவிருந்தன. மையின் நிறம் நினைவிருந்தது. கடைசிக் கட்டத்தின் குறிப்பு நினைவிருந்தது. அதைச் சொல்லத் துணிவில்லை.

"சரி. எழுதுனத இப்ப அனுப்புங்க. எனக்கு முன்னால."

அனுப்பினேன். விரலைத் தூக்கும் வரையில் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பின் எழுந்து கதவைத் திறந்துவிட்டு நின்றார். நான் வெளியே வந்தேன்.

ஞாயிறன்று மகள் வந்து போனாள். மகளிடம் அவர் என்ன சொன்னார், எதை மறைத்தார் என்று எனக்குத் தெரியாது, மின்தூக்கியின் அருகே அவள் வழக்கம்போல "சாப்பிட்டாச்சா அங்கிள்?" என்றே கேட்டாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் போகவில்லை. பத்தரைக்கு அக்காவின் குரல் வந்தது. அவருடைய இரும்புக் கதவு பூட்டியிருந்தது; உட்புறம் நின்று கம்பியைப் பிடித்திருந்தார். எனக்காக அதைத் திறக்கவில்லை.

"ஏதாச்சும் வந்துச்சா?"

தொடர் முடிந்துபோனதால் பக்கத்துக்கு ஆட்கள் வருவது குறைந்திருந்தது. கிராணியின் சாவைக் கொண்டாடிய நூற்றுக்கணக்கான வரிகளுக்குக் கீழே அவருடைய வரிகள் கிடந்தன. மூவர் இதயக் குறி இட்டிருந்தார்கள். ஒருவர் அழும் முகம் இட்டிருந்தார். ஒரே ஒரு மறுமொழி இருந்தது. நடைவழியில் நின்றபடி, ஒரு சொல்லையும் செப்பனிடாமல் படித்தேன்.

"'செம்ம கதை அக்கா. இத வச்சு சீசன் டூ எடுக்கலாம்.'"

"அப்படின்னா?"

"தொடரின் இரண்டாம் பாகத்துக்கு இந்தக் கதை ஆகும் என்கிறார் அக்கா."

"பேரு எதுவும் சொல்லலையா?"

"இல்லை."

"அடுத்தத படிங்க."

"அவ்வளவுதான் அக்கா."

அவர் கம்பியை விடவில்லை. நானும் கைப்பேசியை ஏந்தியபடி, படிக்க ஒன்றுமில்லாமல், அங்கேயே நின்றேன்.